வண்டி கிளம்பிடுச்சும்மா

மார்ச் 4, திங்கள்

காலையில் வந்ததும் பிரிண்டர் சேவை படுத்துக்கிடந்தது. யாரோ அனுப்பிய ராட்சதக் கோப்பு ஒன்று வரிசையின் தலையில் சிக்கிக்கொண்டு நிற்க, பின்னால் எல்லாருடைய காகிதங்களும் காத்துக்கிடந்தன. அந்த ஒன்றைத் தூக்கி எறிந்தேன். மற்றவையெல்லாம் கடகடவென்று வந்து விழுந்தன. "ரூட்டம்மா கை வச்சா மெஷினுக்கே பயம்" என்றார் தொலைபேசிப் பிரிவு வயர். அவருக்கு நாங்கள் வைத்த பெயர் வயர், எனக்கு அவர் வைத்த பெயர் ரூட்டம்மா. யூனிக்ஸ் சர்வரில் சகல அதிகாரமும் உள்ள பயனருக்கு ரூட் என்று பெயர், அந்தக் கடவுச்சொல் என்னிடம் இருக்கிறது, அவ்வளவுதான். அதிகாரமெல்லாம் திரைக்குள். வீட்டில் ஃபேனை எத்தனையில் வைப்பது என்பதைக்கூட கணவரின் அக்காவான அண்ணிதான் முடிவு செய்கிறார்.

எங்கள் ஆம்புலன்ஸ் கட்டுப்பாட்டு மையத்திலேயே ஆபரேட்டராக இருக்கும் அண்ணி இன்று கடுகடுவென்று வீட்டுக்கு வந்தார். மேலாளர் ஆபரேட்டர்கள் எல்லாரையும் நிற்க வைத்துப் பேசினாராம். போன மாதம் முழுக்க வாரத்துக்கு வாரம் மந்தமாகிக்கொண்டே போகிறீர்கள், அழைப்பு வந்து ஆம்புலன்ஸ் அனுப்புவதற்குள் தூங்கிவிடுகிறீர்களா என்று.

"பதினாலு வருஷமா அந்த நாற்காலியில உக்கார்றேன். எனக்கு வேகம் சொல்லிக் குடுக்கறான்" என்று பாத்திரத்தை நங்கென்று வைத்தார். என் பாத்திரம். அதற்கு ஏற்கெனவே ஒரு நெளிவு.

இவர் அடுத்த அறைக்கு நழுவினார். அக்கா கோபமாக இருக்கும்போது இவருக்குத் திடீரென்று மாணவர்களின் தேர்வுத்தாள் ஞாபகம் வந்துவிடும்.

மார்ச் 6, புதன்

நேற்று மதியம் ஒரு பெரியவர் இறந்துவிட்டார். பஸ்ஸில் டிக்கெட் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவர். சாப்பிட்டு எழுந்தவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்திருக்கிறார். மகள் கூப்பிட்டிருக்கிறாள். வண்டி போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது.

அழைப்பை எடுத்தது அண்ணி.

நேற்று ராத்திரி அவர் சாப்பிடாமல் படுத்ததற்கு நான் வேறு காரணம் நினைத்திருந்தேன்.

மார்ச் 8, வெள்ளி

அண்ணியை வேலையிலிருந்து நிறுத்தி வைத்துவிட்டார்கள். விசாரணை முடியும்வரை.

வயர் எனக்கு முழுவதையும் சொன்னார். தொலைபேசிச் சர்வரில் எல்லா அழைப்பும் பதிவாகும். அந்தப் பதிவில் அண்ணி ஒரு நிமிடத்துக்குள் விலாசம் வாங்கி, "வண்டி கிளம்பிடுச்சும்மா" என்று சொல்வது தெளிவாகக் கேட்கிறதாம். ஆனால் வண்டிகளை அனுப்பும் சர்வரில் அவர் பொத்தானை அழுத்தியது அதற்கும் நான்கு நிமிடம் கழித்து என்று இருக்கிறது.

அதாவது, அனுப்பாமலே அனுப்பிவிட்டேன் என்று சொல்லியிருக்கிறார். வெறும் தாமதம் இல்லை, பொய். மேலாளர் அந்த வார்த்தையையே எழுதியிருக்கிறாராம்.

அண்ணி நடுக்கூடத்தில் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு, எங்கோ கிளம்பப் போகிறவர் மாதிரி உட்கார்ந்திருந்தார். இவர் பக்கத்தில் உட்கார்ந்து, "என்னக்கா நடந்துச்சு?" என்றார்.

"அனுப்பினேன்டா. அனுப்பிட்டுத்தான் சொன்னேன்."

நான் அடுப்படியில் நின்றேன். எனக்கு என்ன தோன்றியது என்பதை இங்கேயாவது எழுத வேண்டும். வீட்டில் போன் அடித்தால் எடுக்காதவர். கேட்டால் "இதோ"வென்று சொல்லிவிட்டு டிவியைப் பார்ப்பவர். அண்ணி இப்படிச் செய்திருக்க மாட்டார் என்று என்னால் உறுதியாக நினைக்க முடியவில்லை.

மார்ச் 9, சனி

வீட்டில் டிவி ஓடவில்லை. இந்த அமைதிக்கு எத்தனை நாள் ஏங்கியிருப்பேன்? இப்போது அதுவே ஒரு மாதிரி இருக்கிறது.

மார்ச் 12, செவ்வாய்

புதுத் தலைவலி. ஆபரேட்டர்களின் கடவுச்சொல்லை ஏற்க மாட்டேன் என்கிறது. எல்லாருக்கும் இல்லை, எப்போதும் இல்லை. ஒருத்தி மூன்று தரம் அடித்துப் பார்த்தாள், முடியவில்லை. நாலாவது தரம் ஒன்றுமே நடக்காத மாதிரி உள்ளே விட்டது. "என்னைப் பார்த்தா திருடி மாதிரி இருக்கா?" என்று திரையிடம் கேட்டாள்.

வட்டு நிரம்பிவிட்டதா? இல்லை. இயந்திரத்தின் பெயரைச் சொன்னால் அதன் முகவரி சொல்லும் சேவை தடுமாறுகிறதா? இல்லை, கேட்டவுடன் சொல்கிறது. கேபிள்? வயர் ஒவ்வொன்றாகப் பிடுங்கிச் செருகினார். கடவுச்சொல் சேவையை நிறுத்தித் திரும்பக் கிளப்பினேன். அரை மணி நேரம் நன்றாக இருந்தது. திரும்பவும் அதே கதை.

எப்போதும் கெட்டுப்போயிருக்கும் இயந்திரத்தோடு குடித்தனம் நடத்திவிடலாம். அவ்வப்போது கெட்டுப்போகிறதே, அதுதான் மனுஷியைப் பைத்தியமாக அடிக்கும்.

மார்ச் 13, புதன்

இன்றும். கடவுச்சொல் சர்வரின் பதிவை வரி வரியாகப் படித்தேன். ஒரு தவறும் இல்லை. துடைத்து வைத்த தட்டு மாதிரி இருக்கிறது. அப்படியென்றால் கதவைச் சாத்துவது யார்?

மேலாளர் எட்டிப் பார்த்து, "இன்னிக்குள்ள முடிஞ்சிடுமா?" என்றார். முடிந்துவிடும் என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன்?

மார்ச் 14, வியாழன்

அண்ணி சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்திருந்தார். இடது கையில் போன் இல்லை, ஆனால் போனைப் பிடித்தது போல காதருகில் வைத்திருந்தார். வலது கை மேசைமேல் எதையோ தட்டச்சு செய்கிறது. விரல் நகர்கிறது. சுண்டு விரல் ஓரத்தில், அனுப்பும் பொத்தான் இருக்கும் இடத்தில், ஒரு அழுத்து. திரும்ப முதலிலிருந்து. திரும்ப.

நான் நிற்பதைப் பார்த்ததும் கையை எடுத்துக்கொண்டார். பிறகு கேட்டார், என்னைப் பார்க்காமல்:

"நிஜமாவே அழுத்தினேனா? உனக்குத்தான் அந்த மெஷின் எல்லாம் தெரியுமே. அழுத்தாமலே அழுத்தின மாதிரி மனசுக்குத் தோணுமா?"

இவ்வளவு நாளில் அவர் என்னிடம் கேட்ட முதல் சந்தேகம். நான் என்ன சொன்னேன்? "தெரியல அண்ணி" என்றேன். தெரியவில்லைதான். ஆனால் வேறு ஏதாவது சொல்லியிருக்கலாம். 

தூக்கம் பிடிக்கவில்லை. கடவுச்சொல் ஒரு பக்கம், அந்தச் சுண்டு விரல் ஒரு பக்கம்.

மார்ச் 15, வெள்ளி

வாசல் டீக்கடையில் அன்றைக்கு அந்த வண்டியை ஓட்டிய டிரைவரைப் பார்த்தேன். டம்ளரைக் கையில் உருட்டிக்கொண்டே இருந்தார்.

"பாலத்து ரோட்டை குழாய் போட வெட்டி வச்சிருக்காங்க மேடம். காலையில போனப்ப நல்லாத்தான் இருந்துச்சு. மத்தியானம் பார்த்தா பள்ளம். ஊரைச் சுத்திப் போனேன். நான் என்ன, வேணும்னா..." நிறுத்திவிட்டார். பிறகு, "அந்தக்கா மேல ஏன் பழியைப் போடறாங்க? ரெண்டு மணிச் செய்தி ஆரம்பிக்கிற இசை வந்துச்சு ரேடியோவுல, கூடவே மெசேஜும் வந்துச்சு. ரேடியோவை அணைச்சேன், வண்டியை எடுத்தேன்."

"சார்கிட்ட சொன்னீங்களா?"

"சொன்னேனே. ரேடியோவை நம்பறதா சர்வரை நம்பறதான்னு கேட்டாரு. நான் என்னத்தச் சொல்ல?"

சர்வர் இரண்டு மணி நான்கு நிமிடம் என்கிறது. ரேடியோ சரியாக இரண்டு மணி என்கிறது. நானாக இருந்தாலும் சர்வரைத்தான் நம்பியிருப்பேன். டீ ஆறிப்போயிருந்தது, அப்படியே வைத்துவிட்டு வந்தேன்.

மார்ச் 16, சனி

இதை இன்றே எழுதிவிட வேண்டும்.

விடுமுறைதான், ஆனால் வீட்டில் இருப்புக்கொள்ளவில்லை. அலுவலகம் போனேன். மறுபடி முதலிலிருந்து. கடவுச்சொல் சரிபார்க்க எங்களுக்கு இரண்டு சர்வர்கள் உண்டு, ஒன்று பதில் சொல்லாவிட்டால் மற்றது சொல்லும். நான் இத்தனை நாளும் முதலாவதின் பதிவையே படித்துக்கொண்டிருந்தேன். துடைத்த தட்டு. சரி, ஒரு வார்த்தைக்குத் தம்பிக்காரனையும் கேட்போமே என்று இரண்டாவதைத் திறந்தேன்.

பக்கம் பக்கமாக ஒரே வரி. நேர வித்தியாசம் மிக அதிகம். நேர வித்தியாசம் மிக அதிகம். நேர வித்தியாசம்...

இந்தச் சேவைக்கு ஒரு பிடிவாதம் உண்டு. உள்ளே வரக் கேட்கும் இயந்திரத்தின் கடிகாரமும் தன் கடிகாரமும் ஐந்து நிமிடத்துக்குமேல் விலகியிருந்தால் கதவைச் சாத்திவிடும். யாராவது பழைய அனுமதிச் சீட்டைக் காட்டி நுழைந்துவிடக் கூடாது என்பதற்காக.

வண்டி அனுப்புவதற்கும் எங்களிடம் இரண்டு சர்வர்கள். பாதி நாற்காலிகள் ஒன்றில், பாதி மற்றதில். இரண்டிலும் ஒரு சாளரம் திறந்து, நேரம் என்ன என்று கேட்டேன். இதைவிட எளிய கட்டளை கிடையாது, பயிற்சியின் முதல் நாளில் சொல்லிக்கொடுப்பது.

ஒன்றாவது சர்வர் என் கைக்கடிகாரத்தோடு ஒத்துப்போனது. இரண்டாவது ஐந்தரை நிமிடம் முன்னால் போய்க்கொண்டிருந்தது.

நாற்காலியில் உட்கார முடியவில்லை. இரண்டு சர்வர் அலமாரிக்கும் நடுவில் நடந்தேன். 

பிப்ரவரி தொடக்கத்தில் இரண்டாவது சர்வரைப் புது இயந்திரத்துக்கு மாற்றினோம். அந்தப் பக்கத்துக்குத் தனியாக ஃபயர்வால் என்கிற ஒரு காவல் வேலி போட்டார்கள், எந்தெந்தச் சேவை போகலாம் வரலாம் என்று. நேரம் கேட்டுத் திருத்திக்கொள்ளும் சேவை அதில் இல்லை. மாற்றிய நாளிலிருந்து இந்தப் பாவி மெஷின் நேரம் கேட்டுக் கேட்டுப் பதில் வராமல், தனக்குத் தெரிந்த நேரத்தை வைத்துக்கொண்டு தனியாக ஓடியிருக்கிறது. புது இயந்திரத்தின் கடிகாரம் கொஞ்சம் அவசரக்குடுக்கை. சாயந்தரம்வரை அளந்தேன். நாளுக்கு எட்டு விநாடி.

ஐந்து நிமிடத்தைத் தாண்டியது செவ்வாய்க்கிழமை. அன்றுதான் கதவு சாத்த ஆரம்பித்தது. அதிலிருந்து ஒரு வாரம் பின்னால் போனால் மார்ச் ஐந்து. அண்ணியின் நாற்காலி இந்த இரண்டாவது சர்வரில்தான். அன்றைக்கு இந்தக் கடிகாரம் எவ்வளவு முந்தியிருக்கும்?

நான்கு நிமிடம்.

அழுத்தினார். சொல்வதற்கு முன்னாலேயே அழுத்தியிருக்கிறார்.

மார்ச் 17, ஞாயிறு

இவரிடம் மட்டும் சொன்னேன். "இப்பவே அக்காகிட்ட சொல்லு" என்று எழுந்தார். பிடித்து உட்கார வைத்தேன். நாளை மேலாளர் இல்லை என்று சொல்லிவிட்டால்? கொடுத்துவிட்டுப் பிடுங்கக் கூடாது.

"அடுத்த அறையில அவ தேயறா. நீ கணக்குப் பார்க்கறே" என்றார். பிறகு நாள் முழுக்கப் பேசவில்லை.

மார்ச் 18, திங்கள்

மேலாளரிடம் போனேன். காட்டினேன். வெகுநேரம் திரையையே பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"சரி. நேரத்தைத் திருத்திடுங்க. வேலியைத் திறந்து விட்டுடுங்க. முடிஞ்சுது."

"திருத்திட்டா தடயமே இருக்காது சார். விசாரணை வெள்ளிக்கிழமை."

"திருத்தாம விட்டா? ஓடற சர்வர்ம்மா. தப்பான நேரத்தோட ஆம்புலன்ஸ் அனுப்பறது நல்லதா?"

நியாயமான கேள்வி. அதற்கு நான் ஞாயிறு முழுக்க யோசித்திருந்தேன். இரண்டாவது சர்வரை வேலையிலிருந்து எடுத்துவிடலாம், எல்லா நாற்காலியையும் ஒன்றாவதில் போட்டுவிடலாம், இரண்டாவது அப்படியே, அதன் கோணல் நேரத்தோடு, விசாரணை அதிகாரி வந்து பார்க்கும்வரை ஓடட்டும் என்றேன்.

"ஒத்தை மெஷின்ல முழு ஊரும். அது படுத்தா?"

"நான் பக்கத்துலயே இருக்கேன்."

"நீங்க பக்கத்துல இருந்தா அது படுக்காதா?" பிறகு குரலைத் தாழ்த்தினார். "ஒண்ணு சொல்றேன், கோபப்படாதீங்க. அவங்க உங்க நாத்தனார். ரூட் உங்க கையில. நேரத்தை மாத்தறது உங்களுக்கு ஒரு வரி வேலை. நான் கேக்காட்டியும் அங்கே கேப்பாங்க."

ரூட்டம்மா. இதுவரை அந்தப் பெயரில் முள் இருப்பது தெரியவில்லை.

ஆனால் தடுக்கவில்லை. "எழுதிக் குடுத்துட்டு செய்யுங்க" என்றார். எழுதிக் கொடுத்தேன். வயரை அழைத்து இரண்டு திரையையும் படம் எடுக்கச் சொன்னேன். இரண்டாவது சர்வருக்குள் வெள்ளிக்கிழமைவரை நான் நுழைவதில்லை என்று கடவுச்சொல்லை மாற்றச் சொன்னேன். புதியதை வயரே தட்டி, உறையில் போட்டு மேலாளரின் பெட்டியில் பூட்டினார். என் சொந்த மெஷினுக்கு நானே வெளியாள்.

மார்ச் 19, செவ்வாய்

ஒன்றாவது சர்வர் ஓடுகிறது. ஓடுகிறது. ஓடுகிறது.

மார்ச் 20, புதன்

அண்ணியிடம் சொல்லிவிட்டேன். இவர் முகத்தை இன்னொரு நாள் பார்க்க முடியாது என்பதால்.

அழுவார், கையைப் பிடித்துக்கொள்வார் என்றெல்லாம் நினைத்தேன் போலிருக்கிறது. அண்ணி எழுந்து நின்றார். முகம் சிவந்துவிட்டது.

"ஒரு மெஷினுக்கு மணி பார்க்கத் தெரியல. அதுக்காக நான் பதினஞ்சு நாளா... நான் என்னையே..." மூச்சு வாங்கியது. "நீயும் நம்பினேதானே? சொல்லு. நான் செஞ்சிருப்பேன்னு நீயும் நினைச்சே."

"நினைச்சேன் அண்ணி."

வேறென்ன சொல்வது? இவர் நடுவில் வந்து ஏதோ சொல்லப் பார்த்தார். "நீ சும்மா இருடா. அவளாவது உள்ளதைச் சொல்றா" என்றுவிட்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

கொஞ்ச நேரத்தில் உள்ளே டிவி சத்தம். ஊருக்கே கேட்கிற மாதிரி.

மார்ச் 21, வியாழன்

மதியம் நடந்தது. பயந்தது போலவே.

ஆபரேட்டர் அறையிலிருந்து கூச்சல். புது அழைப்புக்குத் திரை திறக்கவில்லை. ஓடினேன். சர்வர் சாகவில்லை, ஆனால் புதிதாக யாரையும் சேர்க்க மாட்டேன் என்கிறது. ஒரே நேரத்தில் எத்தனை இணைப்பைத் திறந்து வைக்கலாம் என்பதற்கு ஒரு வரம்பு உண்டு. பாதி ஊருக்கு வைத்த வரம்பு, முழு ஊர் வந்ததும் முட்டிக்கொண்டது. வரம்பை உயர்த்திச் சேவையைத் திரும்பக் கிளப்பும் அந்தக் கொஞ்ச நேரம், ஆபரேட்டர்கள் காகிதத்தில் விலாசம் எழுதி வாக்கி-டாக்கியில் கத்திக்கொண்டிருந்தார்கள். கட்டளையில் எனக்குத் தட்டச்சுப் பிழை இரண்டு தரம். 

மூன்று அழைப்பு. மூன்று வண்டியும் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தன. வயர் ஒவ்வொன்றையும் விசாரித்து வந்து சொன்னார். சொல்லும்வரை நான் படிக்கட்டில் உட்கார்ந்திருந்தேன்.

அதில் ஒருவருக்கு ஏதாவது ஆகியிருந்தால்? அண்ணிக்காக இன்னொரு வீட்டில் இன்னொரு மகள்? இந்த வரம்பை நான் திங்கட்கிழமையே பார்த்திருக்க வேண்டாமா? மேலாளர் கேட்டது நியாயமான கேள்வி என்று எழுதினேனே, அது வெறும் நியாயமாக இருந்தபோது சுலபமாக இருந்தது.

அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

மார்ச் 22, வெள்ளி

விசாரணை. நீளமான மேசை, தண்ணீர் ஜாடி, மூடாத ஜன்னல். விசாரணை அதிகாரி வயதான பெண்மணி, எங்கள் துறைக்கு வெளியே இருந்து வந்தவர். எதிர்ப்பக்கம் இறந்தவரின் மகள். முப்பது வயது இருக்கும். யாரையும் பார்க்கவில்லை.

முதலில் அழைப்பைப் போட்டுக் காட்டினார்கள். நான் அதைக் கேட்பது இதுதான் முதல் தரம். மகளின் அலறல். பிறகு ஒரு குரல். அது அண்ணி என்று புரிய எனக்குக் கொஞ்சம் நேரம் பிடித்தது. அவ்வளவு மெதுவாக, அவ்வளவு நிதானமாக. "நான் இங்கதாம்மா இருக்கேன். வண்டி கிளம்பிடுச்சும்மா. போனை வைக்க வேண்டாம். அப்பா பக்கத்துல உக்காருங்க. நான் எண்ணறேன், கூடவே நெஞ்சுல அழுத்துங்க." எண்ணுகிறார். எண்ணிக்கொண்டே போகிறார். அந்த மகள் முகத்தைப் பொத்திக்கொண்டாள். அண்ணி சுவரைப் பார்த்தபடி இருந்தார்.

பிறகு நான். இரண்டு சர்வர், வேலி, நாளுக்கு எட்டு விநாடி. அதிகாரி கையை உயர்த்தினார்.

"எனக்குக் கம்ப்யூட்டர் தெரியாது. கடிகாரம் தெரியும். இன்னிக்குத் தப்பா ஓடற கடிகாரம் அன்னிக்கும் தப்பா ஓடிச்சுன்னு எப்படி நம்பறது? நீங்க அவங்க சொந்தம். மாத்தற அதிகாரமும் உங்ககிட்டதான் இருந்துச்சு."

 டிரைவர் ரேடியோவைப் பற்றிச் சொன்னார். அதிகாரி தலையசைத்தார், ஆனால் எழுதிக்கொள்ளவில்லை.

அப்போது ஆபரேட்டர்கள் சார்பில் வந்திருந்தவள், தன்னைத் திருடியா என்று திரையிடம் கேட்டாளே அவள்தான், எழுந்தாள். "மேடம், பிப்ரவரி மாசம் பூரா எங்களுக்குத் திட்டு விழுந்துச்சு. வாரா வாரம் மந்தமாகறோம்னு. எங்களுக்கே புரியல. வேகமாத்தான் செஞ்சோம். இவங்க சொல்றதைக் கேட்டா, எங்களுக்கு வயசாகல, மெஷின்தான் முன்னாடி ஓடியிருக்கு."

எனக்கு இது ஏன் தோன்றவில்லை? வீட்டில் பாத்திரம் அடிபட்டதே அந்தத் திட்டுக்காகத்தானே.

அதிகாரி மேலாளரைப் பார்த்தார். மேலாளர் கையிலிருந்த காகிதத்தை மேசையில் வைத்தார். பிறகு எழுந்தார். எழ வேண்டிய அவசியம் இல்லை, ஆனால் எழுந்தார்.

"உண்மைதான். பிப்ரவரிக் கணக்கை நான் மாசக் கடைசியிலேயே தலைமை அலுவலகத்துக்கு அனுப்பிட்டேன். அதை இவங்க தொட முடியாது. நேத்து ராத்திரி உக்காந்து நாற்காலி வாரியாப் பிரிச்சுப் பார்த்தேன். ஒண்ணாவது சர்வர்ல இருந்தவங்க யாரும் மந்தமாகல. ரெண்டாவதுல இருந்தவங்க எல்லாரும், நாளுக்கு எட்டு விநாடி கணக்கா." தண்ணீர் குடித்தார். "அந்த வேலியில எதை விடணும்னு எழுதினது நான். நேரத்தை விட்டுட்டேன்."

 வயர் உறையைப் பிரித்து, எல்லாரும் பார்க்க, இரண்டாவது சர்வரில் நேரம் என்ன என்று கேட்டார். அதிகாரி தன் கைக்கடிகாரத்தைத் திரைக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். "ம்" என்றார்.

எல்லாம் முடிந்து காகிதங்களைச் சேர்க்கும்போது அந்த மகள் முதல் தரம் பேசினாள். மெதுவாகத்தான் கேட்டாள்.

"அப்போ எங்கப்பா எதனாலதான் செத்தாரு?"

 வெட்டி வைத்த ரோடு என்று சொல்லலாம். நெஞ்சு என்று சொல்லலாம். பதினைந்து நாளாக அவளுக்குக் கோபப்பட ஒரு ஆள் இருந்தது. அந்த ஆளை நான் எடுத்துவிட்டேன். கொடுக்க என்னிடம் ஒன்றும் இல்லை.

மார்ச் 23, சனி

வேலியைத் திறந்தேன். இரண்டாவது சர்வர் நேரம் கேட்டது, பதில் வந்தது, ஒரு நொடியில் சரியாகிவிட்டது. இவ்வளவு நாள் ஆட்டி வைத்தது, ஒரு நொடியில்.

மகிழ்ச்சியாக இருக்க வேண்டும். காலை முழுக்க வீட்டுக்கும் வாசலுக்கும் நடந்துகொண்டே இருந்தேன். "கால்ல சக்கரமா?" என்றார் இவர்.

மார்ச் 27, புதன்

குற்றம் இல்லை என்று உத்தரவு வந்துவிட்டது. இவர் இனிப்பு வாங்கி வந்தார். அண்ணி தட்டைத் தள்ளி வைத்தார். "அந்தப் பொண்ணு வீட்டுல என்ன பண்ணிட்டு இருக்கோ?" என்றார், யாரிடமும் இல்லாமல்.

பிறகு என் பக்கம் திரும்பி, "ஒத்தை மெஷின்ல ஓட்டினியாமே. தைரியம்தான். எனக்காக இன்னொரு தரம் அப்படிப் பண்ணாதே" என்றார். கோபமா, வேறு ஏதாவதா?

ஏப்ரல் 2, செவ்வாய்

அண்ணி வேலைக்குத் திரும்பினார். மேலாளர் வாசலிலேயே நின்று ஏதோ சொன்னாராம். என்ன சொன்னார் என்று கேட்டதற்கு, "சொல்ல வேண்டியதைச் சொன்னாரு" என்பதோடு சரி.

எல்லா இயந்திரத்தின் நேரத்தையும் தினமும் ஒப்பிட்டுப் பார்த்து, ஒரு விநாடி விலகினாலே எனக்குச் சொல்லும்படி ஏற்பாடு செய்துவிட்டேன். இன்று மூன்று தரம் சொல்லியது. மூன்றும் பொய் எச்சரிக்கை. போய்ப் பார்த்தேன், மூன்றையும்.

ஏப்ரல் 9, செவ்வாய்

அந்த மகள் அலுவலகத்துக்கு வந்தாள். வரவேற்பில் இருப்பவர் பதறிப்போய் என்னைக் கூப்பிட்டார். சண்டைக்கு வந்திருக்கிறாள் என்று எல்லாரும் நினைத்தோம். அவள் கேட்டது ஒன்றே ஒன்று. அன்றைக்குப் பேசியவங்களைப் பார்க்க முடியுமா?

அண்ணியை ஆபரேட்டர் அறையிலிருந்து அழைத்து வந்தேன். அண்ணி நடந்து வந்த விதத்தைப் பார்த்தால், மறுபடி ஒரு விசாரணைக்கு வருகிறவர் மாதிரி. இருவரும் ஓரத்து பெஞ்சில் உட்கார்ந்தார்கள். நான் கண்ணாடிக் கதவுக்கு இந்தப் பக்கம் நின்றேன். நிற்கக் கூடாதுதான்.

என்ன பேசினார்கள் என்று கேட்கவில்லை. அந்தப் பெண் இரண்டு கையையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துத் தன் மடியில் அழுத்திக் காட்டினாள். சரியாகத்தான் செய்தேனா என்று கேட்கிறாள் போலும். அண்ணி அவள் கையைப் பிடித்து, ஆமாம் ஆமாம் என்று தலையாட்டினார். ரொம்ப நேரம் ஆட்டிக்கொண்டே இருந்தார்.

அவரே கேட்வரை கொண்டுபோய் விட்டார். திரும்பி வந்து, வெயிலில் நின்றது போலச் சிவந்த கண்ணோடு, "என் சீட்டுல யார் இருக்கா? எழுந்திருக்கச் சொல்லு" என்று உள்ளே போய்விட்டார்.

ஏப்ரல் 11, வியாழன்

சாயந்தரம் நான் துணி மடித்துக்கொண்டிருந்தபோது அண்ணி வந்து கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தார். என் அறைக்குள் வந்து உட்காருவது இதுவே முதல் தரம். ஒரு சட்டையை எடுத்து மடித்தார். நான் மடித்ததையும் பிரித்துத் திரும்ப மடித்தார்.

"நாளைக்கு லீவு போட முடியுமா உனக்கு?"

"எதுக்கு அண்ணி?"

"அந்தப் பொண்ணு வீட்டுக்கு வரச் சொல்லிச்சு. அவங்கப்பா போட்டோவைப் பார்க்கணும்னு எனக்கும் இருக்கு. குரல் மட்டும்தானே எனக்குத் தெரியும், அதுவும் அந்தப் பொண்ணோடது." சட்டைக் காலரை நீவிக்கொண்டே இருந்தார். "தனியாப் போக ஒரு மாதிரி இருக்கு. தம்பியைக் கூட்டிட்டுப் போனா அவன் எனக்கு முன்னாடி அழுவான்."

போகலாம் என்றேன்.

"உனக்கு வேலை இருந்தா வேண்டாம்."

"இல்ல அண்ணி. போகலாம்."

உடனே அங்கிருந்தே மேலாளருக்கு விடுப்புக் கேட்டு அனுப்பினேன். காரணம் என்ற கட்டத்தில் கொஞ்ச நேரம் விரல் நின்றது. 'சொந்த வேலை' என்று எழுதினேன்.